ஏஐ ஆப்புல ரெஸ்யூமே ஏத்தறீங்களா? அந்த ஃபைலு எங்கெங்க போவுதுன்னு பாருங்க

வணக்கம் மக்களே. "ஒரு தடவ ரெஸ்யூமே ஏத்துங்க, நூறு கம்பெனிக்கு நாங்களே அப்ளை பண்ணிடறோம்"னு சொல்ற ஏஐ ஆப்புங்க இருக்கு இல்ல, அதான் இன்னிக்கு. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் படிச்சி முடிச்ச பசங்க பலரும் இத போன்ல போட்டுக்கினு இருக்காங்க. ஆப்பு வேலை வாங்கித் தருமா தராதான்றது வேற கதை. நீங்க குடுக்கற தகவலுக்கு இன்னா ஆவுதுன்றத மட்டும் பேசுவோம்.

அப்லோடு அமுக்கின ஒடனே பிடிஎஃப்ல இருக்கற எழுத்தெல்லாம் உருவி, பேரு, போன் நம்பர், படிப்பு, பழைய கம்பெனின்னு தனித்தனி கட்டத்துல போட்டுக்கும். அது ஆப்பு வெச்சிருக்கற காப்பி. கவர் லெட்டர் எழுதறதுக்கு பெரும்பாலும் அவங்ககிட்ட சொந்த ஏஐ கெடையாது. வேற பெரிய கம்பெனியோட மாடலுக்கு உங்க விவரத்த அனுப்பிதான் எழுதி வாங்கறாங்க. ரெண்டாவது கை அது. அப்புறம் வேலை குடுக்கற ஒவ்வொரு கம்பெனியும் அப்ளிகேஷன சேத்து வெக்கற சாஃப்ட்வேர், ஏடிஎஸ்ம்பாங்க, அதுல ஒவ்வொண்ணு. நூறு எடத்துக்கு போட்டா நூறு காப்பி. நாளைக்கு நீங்க ஆப்புல அக்கவுண்ட அழிச்சா மொத காப்பிதான் போவும். மத்தவங்ககிட்ட போனது அங்கியேதான் கெடக்கும். அதனால பின்னாடி அழிக்கறத விட, முன்னாடி குடுக்காம இருக்கறதுதான் வேலைக்கு ஆவும்.

இன்னா குடுக்கக் கூடாது? நம்ம ஊர்ல ஜெராக்ஸ் கடை பயோடேட்டா மாடல் ஒண்ணு இருக்கு: அப்பா பேரு, பொறந்த தேதி, மதம், சாதி, கல்யாணம் ஆச்சா, வீட்டு முழு அட்ரஸ், பாஸ்போர்ட் நம்பர், அடியில கையெழுத்து. அத அப்படியே ஏத்தாதீங்க. ஊரு பேரு, மெயிலு, ஒரு போன் நம்பர் போதும். ஆதார், பான், பேங்க் அக்கவுண்ட் எல்லாம் வேலைல சேந்தப்புறம் பிஎஃப், சம்பளத்துக்குத்தான் தேவை. யாராச்சும் ஆதார் கேட்டே தீருவேன்னா, கடைசி 4 எண் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார, ஆதார் குடுக்கற யுஐடிஏஐ தளத்துல எறக்கிக் குடுங்க. வேர்ட் ஃபைலுல போட்டோவ வெட்டி வெச்சாலும் வெட்டின பாகம் உள்ளயே ஒளிஞ்சி இருக்கலாம். அதனால போட்டோவ எடுத்துட்டு பிடிஎஃப்பா மாத்தி ஏத்துங்க.

இப்ப நம்ம ஆளுங்களுக்குன்னே இருக்கற தலைவலி ஒண்ணு: இனிஷியல். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு கேக்கற ஃபாரத்துல ஏஐ "கே"ன்ற ஒத்த எழுத்த லாஸ்ட் நேமா போடும், இல்லன்னா அப்பா பேர உங்க பேருக்கு முன்னாடி தூக்கி வெக்கும். பின்னாடி கம்பெனி சர்டிபிகேட்ட சரிபாக்கும்போது மார்க்‌ஷீட்ல ஒரு பேரு, அப்ளிகேஷன்ல ஒரு பேருன்னு மாட்டும். ஏத்தின கையோட ப்ரொஃபைல் பக்கம் போயி, மார்க்‌ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே கையால திருத்துங்க. பக்கத்த ரெண்டு பத்தியா பிரிச்ச டிசைன் ரெஸ்யூமேவும் வேணாம், கம்பெனி பேரும் வருஷமும் கலந்துடும்.

அடுத்தது பர்மிஷன். "ஜிமெயில இணைங்க"ன்னு கேட்டா, வர்ற திரைய பொறுமையா படிங்க. உங்க பேரு, மெயில் ஐடி மட்டும் கேட்டா சரி. "மெயில படிக்க, எழுத, அனுப்ப, அழிக்க"ன்னு இருந்தா, பேங்க் ஸ்டேட்மென்ட்டு, ஓடிபி எல்லாம் இருக்கற பொட்டியோட சாவிய குடுக்கறீங்க. இதுக்குன்னு வேலைக்கு மட்டும் தனி மெயில் ஐடி ஒண்ணு தொறங்க, அத இணைங்க. குரோம் எக்ஸ்டென்ஷனா (பிரவுசருக்குள்ள சேக்கற குட்டி ஆப்பு) இருந்தா, அதோட அமைப்புல எல்லா சைட்டுலயும்னு இருக்கறத எடுத்துட்டு, கிளிக் பண்ணும்போது மட்டும்னு வைங்க. சில கம்பெனி வேலைப் பக்கத்துல தனித்தனியா அக்கவுண்டு தொறக்கணும். அதுல ஆப்பு போடற பாஸ்வேர்டு உங்க ஜிமெயில் பாஸ்வேர்டா இருக்கவே கூடாது.

அப்ளை பண்ற ஃபாரத்துல கேள்வி வரும்: இப்ப சம்பளம் எவ்ளோ, நோட்டீஸ் எத்தன நாள், வேலை இருக்கற நாட்டுல வேலை செய்ய அனுமதி இருக்கா. பதில் தெரியலன்னா சில ஆப்பு சும்மா இருக்காது, ஊகிச்சி அடிச்சி விடும். பொய்க்கு பேரு உங்களுது. தானா அனுப்பற வசதிய அணைச்சிட்டு, நான் பாத்தப்புறம் அனுப்புன்னு மாத்துங்க. அமெரிக்க கம்பெனி ஃபாரத்துல இனம், உடல் குறைபாடு கேக்கறது கட்டாயமில்ல, சொல்ல விரும்பலன்னு ஒரு பதிலு இருக்கும், அத தொடுங்க.

சட்டம் இன்னா சொல்லுது? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துச்சி, விதிங்க 2025 நவம்பர்ல. ஆனா கம்பெனிங்க மேல இருக்கற முக்கியமான கடமைங்க 18 மாசம் கழிச்சிதான் அமலுக்கு வருது, அதாவது 2027 மே. அப்ப சம்மதம் குடுத்த மாதிரியே சுலபமா திரும்ப வாங்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம், உங்க தகவல எதுக்கு எடுக்கறாங்கன்ற அறிவிப்ப தமிழ்லயே கேக்கலாம். பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி ரூபா வரைக்கும். வெளிநாட்டு ஆப்பா இருந்தாலும் நம்ம நாட்டு ஆளுங்களுக்கு சேவை குடுத்தா பொருந்தும். அது வரைக்கும் தகவல் தொழில்நுட்ப சட்டத்தோட 2011 விதி இருக்கு: குறை தீர்க்கும் அதிகாரி யாருன்னு வெப்சைட்ல போடணும், ஒரு மாசத்துல தீர்வு சொல்லணும்.

வெலகறதுன்னா வரிசை முக்கியம், இங்கதான் சொதப்புவாங்க. ஆப்ப அன்இன்ஸ்டால் பண்றது அக்கவுண்ட அழிக்கறது கெடையாது. மொதல்ல எந்தெந்த கம்பெனிக்கு போச்சின்ற லிஸ்ட்ட எறக்குங்க. அக்கவுண்ட அழிச்சிட்டா அது கெடைக்காது. ரெண்டாவது, கூகுள் அக்கவுண்ட்ல பாதுகாப்பு பக்கம் போயி அந்த ஆப்போட இணைப்ப துண்டிங்க. இனிமே படிக்க முடியாது, ஏற்கனவே எடுத்துக்கினது அவங்ககிட்ட இருக்கும். மூணாவது, எக்ஸ்டென்ஷன எடுத்துடுங்க. நாலாவது, காசு கட்டற ஆப்பா இருந்தா, யுபிஐ ஆப்புல ஆட்டோபே மேண்டேட்ட (தானா பணம் எடுக்க குடுத்த அனுமதி) ரத்து பண்ணுங்க. கடைசியாத்தான் அக்கவுண்ட அழிக்கணும். அக்கவுண்டு தொறக்க விடற ஆப்பு, அழிக்கறதுக்கும் ஆப்புக்குள்ளயும் வெப் லிங்க்லயும் வழி வெக்கணும்ன்றது கூகுள் பிளே விதி.

அப்புறம் ஒரு மெயிலு தட்டுங்க. "இந்த மெயில் ஐடில இருக்கற ரெஸ்யூமே, அதுலேர்ந்து எடுத்த விவரம், கவர் லெட்டர், பாஸ்வேர்டு எல்லாத்தையும் அழிங்க. பேக்கப்ல எப்ப அழியும், எந்த ஏஐ கம்பெனிக்கு அனுப்புனீங்க, ஏஐக்கு பயிற்சி குடுக்க பயன்படுத்துனீங்களா, எழுதிக் குடுங்க." இவ்ளோதான். எறக்குன லிஸ்ட்ல இருக்கற கம்பெனிங்களுக்கு தனித்தனியா இதே மாதிரி எழுதணும், அத ஆப்பு உங்களுக்கு பண்ணித் தராது.