மணவாளக்குறிச்சி மணலில் ஒரு காலக்கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

நம் குமரி மாவட்டத்தில் நிலவியல் பற்றிப் பேசப் போகும் இடமெல்லாம் முதலில் எழும் கேள்வி, நம்முடைய மலைகளில் புதைபடிவங்கள் கிடைக்குமா என்பதுதான். சில ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவன் கல்குவாரியில் எடுத்த பாறைத்துண்டைத் துணியில் பொதிந்து கொண்டுவந்தான். அதன் உடைந்த முகத்தில், பெரணி இலையை மையால் வரைந்தாற்போல் கறுப்புக் கோடுகள் கிளைவிட்டு ஓடின. அது இலையன்று, விரிசல் வழியே கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசுப் படிவு என்று நான் சொன்னதும் அவன் முகம் வாடியது இன்றும் நினைவிருக்கிறது.

நம் மலைகள் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருங்கல்லாலும், சிவந்த கார்னெட் மணிகள் பதிந்த நைஸ் பாறைகளாலும் ஆனவை. அந்த நைஸ் பாறைகளில் ஒரு பகுதி, ஒருகாலத்தில் நீரடியில் அடுக்கடுக்காகப் படிந்த சேறு. நிலத்தட்டுகள் மோதியபோது அது இருபது கிலோமீட்டருக்கும் கீழே அமிழ்த்தப்பட்டு, எண்ணூறு பாகை செல்சியசைத் தாண்டிய சூட்டில் வெந்து, தன் பழைய அடுக்குகளையும், அவற்றில் உயிர்ச்சுவடு ஏதேனும் இருந்திருந்தால் அதையும் இழந்து புதுப் பாறையானது. படிவம் இல்லாமையே அங்கே நாம் படிக்க வேண்டிய செய்தி.

அப்படியானால் அதன் வயதை எப்படி அறிவது? விடை, அந்தப் பாறைகள் தேய்ந்து மணலாகி வந்து சேர்ந்திருக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. ஈர மணலை ஒரு கைப்பிடி அள்ளி வெயிலில் விரித்துப் பாருங்கள்: கறுப்பாக இல்மனைட், சிவப்பாக கார்னெட், நிறமற்று மின்னும் சிர்க்கான், இவற்றிடையே தேன் நிறத்தில் மோனசைட். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு, 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் இந்த மோனசைட்டைக் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியமும் யுரேனியமும் அடங்கியிருக்கின்றன. இரண்டும் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாகின்றன. தோரியத்தில் பாதி சிதைய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். எனவே மணியில் சேர்ந்துள்ள ஈயத்தை அளந்தால், அம்மணி உருவான காலத்தைக் கணக்கிடலாம். நம் பாறைகள் வெந்த காலமாக இவ்வகை அளவீடுகள் காட்டுவது, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுகூடிய காலம். மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இதே காலத்தில் வெந்த பாறைகள் இருப்பது தற்செயலன்று. அன்று அவை நம் பக்கத்து நிலங்கள்.

இந்த இடத்தில் லெமூரியா பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் பொதுவான உயிரினங்களை விளக்க, 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் ஊகித்த நிலப்பாலம் அது. கண்டங்களே நகர்கின்றன என்பது உறுதியான பிறகு அந்தப் பாலத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. நம் தமிழ்ப் பற்றுக்கு அதனால் குறைவு எதுவும் வந்துவிடவில்லை என்பது என் எண்ணம்.

புதைபடிவங்களைக் கண்ணால் காண விரும்புவோர் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். காரை என்னும் ஊரின் சாம்பல் நிறக் களிமண் ஓடைகளில், இன்று அழிந்துபோன கடலுயிரான அம்மோனைட்டின், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட ஓடுகள் கிடைத்திருக்கின்றன. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் நின்றது. அதற்கு வெகு மேலே, கல்லமேடு அடுக்கில், ஆறு கொண்டுவந்த மண்ணும் டைனோசர் எலும்புகளும் இருக்கின்றன. கடல் பின்வாங்கி நிலம் தலைகாட்டியதற்கு அதுவே சான்று. அதற்கும் மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடல் திரும்பிவிட்டது, ஆனால் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவு, அந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடையில் இருக்கிறது. சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழங்கடல்களின் மிச்சமே.

அடுக்கின் கணக்கை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட அரியலூர் வரை போக வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்ததும், மணவாளக்குறிச்சிக் கரையில் அலைக்கு எட்டாத இடத்தில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டிப் பாருங்கள். குழியின் சுவரில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் தெரியும். கொந்தளித்த அலை இலேசான வெண்மணலை அடித்துப்போய்க் கனமான கருமணலை விட்டுச்சென்ற நாட்கள் கறுப்பு வரிகள். கடல் அடங்கி வெண்மணலைத் திருப்பிக் கொட்டிய நாட்கள் வெள்ளை வரிகள். அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. 1669இல் ஸ்டெனோ என்ற டென்மார்க் அறிஞர் எழுதிவைத்த விதியும் இதுவே. ஏதாவது ஒரு வரியில் உடைந்த சிப்பி ஒன்று செருகியிருந்தால், அதை எடுத்துவிடாமல், எந்த வரியில் இருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.