வெளியே போக வழி இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் சேர்ந்துபோன சாமான்களைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "நேரமே இல்லைங்க. லீவு வரட்டும், ஒரு நாள் உட்கார்ந்து மொத்தமா எடுத்துடறேன்." அந்த ஒரு நாள் வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, வாரம் முழுக்கச் சேர்ந்த துணி. அப்படியே வந்தாலும் பரணில் இருப்பதையெல்லாம் இறக்கிக் கூடத்தில் பரப்புவோம், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பசிக்கும், எல்லாம் மறுபடி பரணுக்கே ஏறும். அதனால் அந்த ஒரு நாளை மறந்துவிடுங்கள்.

என் நாத்தனார் திருச்சியில் நர்ஸ். ஷிஃப்ட் வேலை, இரண்டு பிள்ளைகள், வீட்டில் மாமியார். அவள் செய்வதைச் சொல்கிறேன். சாதத்துக்குக் குக்கர் வைப்பாள். மூன்று விசில் வருவதற்குள் ஒரு இழுப்பறை. ஒன்றே ஒன்று. நான் போயிருந்த அன்று அடுப்பு மேடைக்குக் கீழே இருந்ததை உருவி, பேப்பரில் கவிழ்த்தாள். ஓட்டலில் கொடுத்த சாஸ் பொட்டலங்கள், தீர்ந்துபோன பென்சில் பேட்டரிகள், ஒட்டிப்போன ரப்பர் பேண்டுகள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள், டப்பா போய் மூடி மட்டும் மிஞ்சியவை. கை தயங்காமல் பிரித்தாள். விசில் வந்தது, அடுப்பை அணைத்தாள். மிச்சத்தை அப்படியே உள்ளே போட்டு, "இது நாளைக்கு, அண்ணி" என்றாள். அந்த நிறுத்தம்தான் எனக்குப் பிடித்தது. நிறுத்தத் தெரிந்தால்தான் மறுநாளும் கை போகும்.

இன்னொன்றும் கவனித்தேன். சமையலறை மூலையில் மாமியாரின் பித்தளை அண்டா பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. "அத்தை, இது வேணுமா?" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "எங்கம்மா சீருக்குக் கொடுத்ததும்மா." அதோடு விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் அத்தையே பழைய டிஃபன் கேரியர் ஒன்றை எடுத்துவந்து, யாருக்காவது கொடுத்துவிடு என்றாராம். அடுத்தவர் பொருளை அவர் இல்லாத நேரத்தில் தூக்கிப் போடவே கூடாது, குழந்தையின் உடைந்த பொம்மையாக இருந்தாலும் சரி. ஒரு தடவை அப்படிச் செய்தால், அப்புறம் வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் ஒளித்துவைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சரி, பிரித்தாயிற்று. அப்புறம் எங்கே போகும்? நான் எங்கே போனாலும் வலியுறுத்துவது இதைத்தான். முன்பெல்லாம் தெருவில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று குரல் கேட்கும். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர் திண்ணையில் கூடையை இறக்குவார். பேப்பர்காரர் தராசோடு வருவார். வேண்டாத பொருள் வெளியே போகும் வழி வாசலிலேயே இருந்தது. இன்று பல அடுக்குமாடிகளில் அவர்களை கேட்டுக்குள் விடுவதில்லை. பார்சல் மட்டும் மூன்றாவது மாடிக்கே வந்து மணியடிக்கிறது. உள்ளே வர வழி அகலம், வெளியே போக வழி அடைப்பு. பொருள் தேங்காமல் என்ன செய்யும்?

அந்த வழியை நாமேதான் திறக்க வேண்டும். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு பெரிய பையை மாட்டுங்கள். கல்யாண வீட்டு மஞ்சப்பைகள்தான் எல்லார் வீட்டிலும் இருக்கின்றனவே. விசிலுக்குள் பிரித்தது நேராக அதற்குள் போகட்டும். பை நிறைந்தால், அன்று வெளியே போகிறவர் பழைய பேப்பர் கடைக்கோ காயலான் கடைக்கோ எடுத்துப்போகட்டும். மறுபடி சொல்கிறேன், பை வாசலில் இருக்க வேண்டும், பரணில் அல்ல.

போகிக்கு எரித்துவிடலாம் என்று சேர்த்து வைக்காதீர்கள். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை ஆஸ்துமாக்காரர் வீட்டுக்குள்ளும்தான் போகும். சென்னையில் இப்போது போகியை ஒட்டி மாநகராட்சியே பழைய துணி, டயர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். காகிதங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். வீட்டுப் பத்திரம், பட்டா, சான்றிதழ்கள், இன்சூரன்ஸ் பாண்டு, இவை மட்டும் ஒரே கோப்பில், ஒரே இடத்தில். மூலப் பத்திரம் தொலைந்தால் போலீஸில் புகார், பத்திரிகையில் விளம்பரம் என்று அலைய வேண்டிவரும். அதனால் காகிதக் கட்டை மட்டும் விசில் கணக்கில் பிரிக்காதீர்கள், வீடு அடங்கிய பிறகு உட்கார்ந்து பாருங்கள். வீங்கிய செல்போன் பேட்டரி இருந்தால் வாசல் பையில் போடவே போடாதீர்கள், தீப்பிடிக்கலாம். மின் கழிவு வாங்குமிடத்தில் தனியாகக் கொடுங்கள். காலாவதியான மாத்திரைகளையும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியே எடுத்துவையுங்கள்.

நன்றி, வணக்கம்.