8 வாட் வால்வு ஆம்புக்கு எந்த ஸ்பீக்கர்?

வணக்கம். எனக்குப் பின்னாடி ஆரஞ்சு கலர்ல மங்கலா எரியுது பாருங்க, அது 300பி வால்வு, அதாவது சிக்னலைப் பெருக்கித் தர்ற கண்ணாடிக் குழாய். லெஃப்ட், ரைட்டுன்னு பக்கத்துக்கு ஒண்ணே ஒண்ணு. பக்கத்துக்கு 8 வாட், அவ்வளவுதான். "இதை வச்சுக்கிட்டு எந்த ஸ்பீக்கரை ஓட்டுறது?"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க.

எல்லாரும் முதல்ல பார்க்கிறது சென்சிட்டிவிட்டி. ஒரு வாட்டுக்கு 88 டெசிபல் தர்ற ஸ்பீக்கர், 8 வாட்ல 97 வரைக்கும் போகும். 96 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே 97-ஐத் தொட ஒண்ணேகால் வாட் போதும். சரி, இது தெரிஞ்ச கதை.

நான் அடி வாங்கினது வேற இடத்துல. இந்த ஸ்பீக்கர் 93 டெசிபல், ஸ்பெக் ஷீட்ல 8 ஓம். நம்பி வாங்கிட்டேன். வீட்ல போட்டா, டபுள் பேஸ்ல ஒரு நோட்டு பலூன் மாதிரி ஊதிக்கிட்டு வருது, அடுத்த நோட்டு ஆளையே காணோம். வால்வை மாத்தினேன், வயரை மாத்தினேன், ஸ்பீக்கரைச் சுவரை விட்டுத் தள்ளி வச்சேன். ம்ஹூம்.

கடைசியா இம்பிடன்ஸை, அதாவது கரன்ட்டுக்கு ஸ்பீக்கர் காட்டுற தடையை, அளந்து பார்த்தேன். அது ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிக்கும் மாறும். 60 ஹெர்ட்ஸ் பக்கத்துல 30 ஓம், 150-ல 4 ஓம்! 8 ஓம்னு போட்டா 6.4-க்குக் கீழ இறங்கக் கூடாதுன்னு ஐஇசிங்கிற சர்வதேச அமைப்போட ஸ்டாண்டர்டே சொல்லுது. யார் கேக்குறா!

டிரான்சிஸ்டர் ஆம்ப்ல இது பெருசா தெரியாது, அதோட அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்புக்குள்ளயே இருக்கிற தடை, அவ்வளவு கம்மி. ஃபீட்பேக் (அவுட்புட்ல கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பித் தப்பைச் சரிபண்றது) இல்லாத என் ஆம்ப்ல அது 2.5 ஓம். ஸ்பீக்கர் 4 ஓமுக்கு இறங்குற இடத்துல வோல்டேஜ்ல நல்ல பங்கை ஆம்பே முழுங்கிடும், 30 ஓம்ல கிட்டத்தட்ட முழுசும் ஸ்பீக்கருக்குப் போயிடும். கணக்குப் போட்டா மூன்றரை டெசிபல் வித்தியாசம். டோன் கன்ட்ரோலை யாரோ திருகி விட்ட மாதிரி.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி இம்பிடன்ஸ் கிராஃபைக் கேளுங்க. மேடு பள்ளம் கம்மியா இருக்கணும், பள்ளம் ரொம்ப ஆழமா போகக் கூடாது. பிபிசி டிசைன் பண்ணின எல்எஸ்3/5ஏங்கிற சின்ன ஸ்பீக்கர், 83 டெசிபல் கூடத் தேறாது. ஆனா பழசுல 15 ஓம். அதனாலதான் வால்வு ஆளுங்க இன்னமும் அதை விட மாட்டேங்கிறாங்க. என்ன, அதுக்கு 8 வாட் பத்தாது, வால்வுங்க ஜோடியா வேலை செஞ்சு அதிக பவர் தர்ற புஷ்-புல் ஆம்ப் வேணும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க, என்னை மாதிரி, இதைப் பண்ணிப் பாருங்க. ஆம்பை ஆஃப் பண்ணிட்டேன். கொஞ்சம் ஆறட்டும். ஓடுறப்போ மட்டும் ஸ்பீக்கர் வயரைக் கழட்டவே கழட்டாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். இப்ப சிவப்பு வயரை ஆம்ப்ல 8 ஓம் டேப்ல, அதாவது 8 ஓம் ஸ்பீக்கருக்கான கனெக்‌ஷன்ல இருந்து கழட்டி... 4-ல மாட்டுறேன். அவுட்புட் இம்பிடன்ஸ் பாதியா குறையும், அந்த மூன்றரை டெசிபல் ரெண்டுக்கு வந்துடும்.

அதே டபுள் பேஸ். கேக்குதா? ஊதின நோட்டு அடங்கிடுச்சு, தொலைஞ்ச நோட்டு திரும்பி வந்துடுச்சு. சத்தம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, வால்யூமை இந்தா, இவ்வளவு கூட்டிக்கிட்டேன்.