பூனைப் புத்தகத்துக்கு வந்த புகார்கள்

வணக்கம். படத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய ஒரு புத்தகத்தைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பந்தியில் உட்கார வைத்துப் போட வேண்டிய சாப்பாட்டை போனில் பரிமாறுகிற வேலை இது, இருந்தாலும் பார்ப்போம். புத்தகத்தின் பெயரையும் போட்டவர்கள் பெயரையும் சொன்னால் விளம்பரமாகிவிடும், அதனால் சொல்லப்போவதில்லை. பூனைப் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம், எங்கள் மாடியிலும் அதற்கு அதுதான் பெயர்.

மாடி என்றால் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. நான் எழுத்தாளரும் இல்லை, டீச்சரும் இல்லை, ஒரு மருந்துக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக் கீற்றுக் கொட்டகையில் பாய் விரித்து, தெருப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுவேன். வைத்திக்குப்பம், சோலை நகர் பக்கமிருந்தும் வருவார்கள். பத்துப் பேர் வருகிற நாளும் உண்டு, இருபத்தைந்து பேர் வந்து பாய் போதாமல் சாக்கு விரிக்கிற நாளும் உண்டு. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெரியவர்களில் சிலர் சண்டே மார்க்கெட் போய்விடுவார்கள், சிலர் சுவரோரம் நின்று கேட்பார்கள். கேட்டவர்கள் கருத்து சொல்லாமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் ஒரு பூனை, அதன் பெயர் சமர்த்து. அந்த வீட்டுப் பிள்ளைதான் கதை சொல்கிறது. பக்கத்துக்கு ஒரே ஒரு வரி. 'சமர்த்து மீனைத் தொடவே தொடாது' என்று ஒரு பக்கம். படத்தில் அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள், முந்தின பக்கம் தட்டில் ஆறு சங்கரா இருந்தது, இப்போது ஐந்துதான் இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஒரு வால் தெரிகிறது. 'சமர்த்து தாத்தாவோடு சேர்ந்து பேப்பர் படிக்கும்' என்பது அடுத்தது. பேப்பர் முழுக்கப் பூனை படுத்திருக்க, தாத்தா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதன் வயிற்றுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் தெரிகிற கால் பத்தியைத் தலையைச் சாய்த்துப் படிக்கிறார். 'விருந்தாளி வந்தால் வாசலுக்கே போய் வரவேற்கும்' என்ற இடத்தில் சித்தப்பாவின் புது பைக் சீட்டில் பஞ்சு வெளியே வந்து கிடக்கிறது, சித்தப்பா இன்னும் பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டு செருப்பைக் கழற்றுகிறார். இப்படியே போய், கடைசிப் பக்கத்தில் அம்மா பீரோவைத் திறக்கிறாள், பட்டுப்புடவை மேல் சமர்த்தும் நான்கு குட்டிகளும். வரி: 'எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பூனை.'

அவ்வளவுதான் புத்தகம். எழுத்து ஒன்று சொல்லும், படம் வேறொன்று சொல்லும், நடுவில் இருக்கிற அந்தச் சந்தில்தான் சிரிப்பு. இது நேற்று வந்த உத்தி இல்லை. 1878இலிருந்து இங்கிலாந்தில் ராண்டால்ஃப் கால்டிகாட் என்ற ஓவியர் பிள்ளைகளுக்குப் படப் புத்தகங்கள் போட ஆரம்பித்தார், எழுத்து சொல்லாமல் விட்டதைப் படத்தில் சொல்வது அவர் கைவந்த வித்தை. சிறந்த படப் புத்தகத்துக்கு என்று 1938 முதல் அமெரிக்க நூலகச் சங்கம் கொடுக்கிற பதக்கமும் அவர் பெயரில்தான்.

இப்போது கருத்துகள். முதலில் ஓர் அப்பா. நான் வாசித்து முடித்ததும் புத்தகத்தை வாங்கி, விரல் விட்டு எண்ணினார். விலை தொண்ணூறு ரூபாய், சொற்கள் அறுபது. "ஒரு சொல்லுக்கு ஒன்றரை ரூபாய் ஆகுதும்மா" என்றார். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் எனக்கே அது பிடித்திருந்தது. ஆனால் அச்சகத்தில் சொல்லுக்கு யார் காசு வாங்குகிறார்கள்? பெரிய தாளில் அடித்து மடிப்பதால் இந்த மாதிரிப் புத்தகங்கள் பெரும்பாலும் பதினாறு, இருபத்து நான்கு, முப்பத்திரண்டு என்று எட்டின் மடங்கில்தான் வரும், ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு வண்ண மை, தடித்த தாள் வேறு, பிள்ளை இழுத்தால் கிழியக் கூடாதே. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை, எல்லார் வீட்டிலும் பூனைக்காகத் தொண்ணூறு ரூபாயை எடுத்துவைக்க முடியாது. 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் போடுகிறது, பிரதம் புக்ஸ் 2015இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களைக் காசில்லாமல் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம். அவரிடம் இதைச் சொன்னேன். "போனில் பார்த்தால் பிள்ளை அடுத்த நிமிஷம் கேமுக்குப் போயிடும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர். அவர் கேள்வி, "இதில் நீதி என்ன?" பூனை திருடுகிறது, தண்டனை கிடையாது. கதை சொல்கிற பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் பொய் சொல்கிறது, அதைத் திருத்தவும் ஆள் இல்லை. "எங்கள் காலத்தில் அம்புலிமாமா படித்தோம், பக்கம் முழுக்க எழுத்து, ஒவ்வொரு கதையிலும் ஒரு கருத்து" என்றார். 1947இல் வந்த பத்திரிகை அது, நானும் அத்தை வீட்டுப் பரணில் கிடந்த பழைய கட்டுகளைப் படித்து வளர்ந்தவள்தான். ஐயா, வேதாளம் சொன்ன கதைகளில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். யோசித்தார். கதை வரவில்லை. ஆனால் விக்கிரமாதித்தன் கையில் வாளோடு தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடந்து போவான் பாருங்கள், சங்கர் வரைந்த அந்தப் படம், அதை மட்டும் வேதாளத்தின் தலைமுடி எந்தப் பக்கம் பறக்கும் என்பது வரைக்கும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர், டீ கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் 'பொய்' விஷயத்துக்கு ஆறு வயசுப் பெண் ஒருத்தி பதில் சொன்னாள். "அது பொய் இல்லக்கா. அம்மா கேக்கறாங்கல்ல, அதான் மாட்டிவிடாம இருக்குது." நான் அந்தப் புத்தகத்தை அதுவரை நான்கு முறை வாசித்திருந்தேன், நான்கு முறையும் யாரோ ஒரு பிள்ளை நமக்குக் கதை சொல்கிறது என்றுதான் நினைத்தேன். அது நம்மிடம் பேசவே இல்லை. மீன் எங்கே, சீட்டைக் கிழித்தது யார் என்று கேட்கிற அம்மாவுக்குச் சமர்த்தின் வக்கீலாக நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. வீட்டில் தம்பி இருக்கிற பிள்ளைக்கு இது உடனே புரிகிறது.

ஒரு பாட்டி, அட்டையில் பூனை முகம் பெரிதாக இருக்கிறது, காலையில் எழுந்ததும் அதில் முழிக்கிற மாதிரி வைத்துவிட்டாயே என்று பேரனோடு சண்டை. அட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். பின்னட்டையில் வால்.

குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிற ஒரு பெண் தம்பியை விட வந்தவள், பூனை கிண்ணத்தில் பால் குடிக்கிற பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்க வைக்கிற நொதி போதாதாம், பால் வைத்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம், தண்ணீர் வையுங்கள் என்றாள். பூனை என்றால் பால் என்று பழமொழியிலேயே எழுதி வைத்துவிட்டோம், என்ன செய்வது. நேயர்கள் வீட்டில் பூனை இருந்தால் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விமரிசனம் என்றால் அது வைத்திக்குப்பத்துப் பையனுடையதுதான். வயது எட்டு, அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு தாளில் படுகிற அளவு குனிந்து பார்த்தான். பூனை மீனை வால் பக்கமாகக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, இது தப்பு என்றான். தலையைத்தான் கவ்வும், சங்கராவுக்கு முதுகு முள் பின்னால் சாய்ந்திருக்கும், வால் பக்கமிருந்து கடித்தால் வாயில் குத்தும் என்று உள்ளங்கையை மீனாக வைத்துக் காட்டினான். பிறகு மாடிப்படியில் கிடக்கிற முள்: தலையும் நடுமுள்ளும் வாலும் சீப்பு மாதிரி அழகாக இருக்கும், கார்ட்டூனில் எல்லாம் வருமே. "எந்தப் பூனைக்கா தலைய மிச்சம் வெக்கும்?" ஒரே ஒரு பாராட்டு தந்தான். முதல் பக்கத்துச் சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் தொங்குகிறது, ஜூன் 20. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. "ஆறு நாள் ஆயிடுச்சு, மீன் வந்திருக்கும். சரியாத்தான் போட்டிருக்காங்க. தடைக்காலத்துலன்னா எங்கம்மா அந்தப் பூனைய வெளுத்திருக்கும்."

காலண்டர் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதே வாரம் கடலூரில் திருப்பாதிரிப்புலியூருக்கு அக்கா வீட்டுக்குப் போனேன், புத்தகம் பையில் இருந்தது. அக்காவின் மாமியாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, கையெழுத்துக்குப் பதில் கைநாட்டுதான். மதியம் சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தவர், பையிலிருந்து தெரிந்த அட்டையைப் பார்த்து எடுத்தார். வாசித்துக் காட்டட்டுமா அத்தை என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். நாலாவது தாளிலேயே நிறுத்திவிட்டார். "ஏன் பாப்பா, இது சினையா இருக்குல்ல?"

வாங்கிப் பார்த்தேன். ஆமாம். பேப்பர் மேல் படுத்திருக்கிறதே, அந்த வயிறு. நான் அதைச் சோம்பேறிப் பூனையின் தொந்தி என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டுகொண்டே வருகிறது. பீரோ எப்போதெல்லாம் பின்னால் தெரிகிறதோ அப்போதெல்லாம் கதவு ஒரு விரல்கடை திறந்திருக்கிறது. சித்தப்பாவின் சீட்டிலிருந்து பிடுங்கிய பஞ்சு அடுத்த பக்கம் பீரோ அடியில் கிடக்கிறது, இடம் பார்த்து மெத்தை போட்டிருக்கிறது அது. மீன் திருட்டுக்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. "வாயும் வயிறுமா இருக்கறது பசிக்குத் தின்னாம என்ன செய்யும், ரெண்டு மீனை அந்தப் பொம்பளையே போட்டிருக்கலாம்" என்று அத்தை, படத்து அம்மாவைத் திட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். இத்தனைக்கும் அவருக்கு அந்தப் பூனையின் பெயர் சமர்த்து என்றுகூடத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. நான், அந்தத் தொண்ணூறு ரூபாய் அப்பா, தமிழாசிரியர், எல்லாருமே வரியைப் படித்துவிட்டு, படம் அந்த வரிக்கு ஒத்துவருகிறதா என்று மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்து, அடுத்த பக்கம் திருப்பிவிட்டோம். எழுத்து தெரியாத பிள்ளைகளும் அத்தையும் போகிற வழியெல்லாம் நின்று நின்று போயிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு கால்நடை மருத்துவப் பெண்ணிடம் கடைசிப் பக்கத்துக் காலண்டரைக் காட்டினேன். ஆகஸ்ட் 24. விரல் மடக்கி எண்ணினாள், ஜூன் 20லிருந்து அறுபத்தைந்து நாள். பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. "யாரோ விசாரிச்சு வரைஞ்சிருக்காங்கக்கா" என்றாள், பாலுக்காகக் கோபித்துக்கொண்டதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒரு வேண்டுகோள், பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு. வரியை முடித்த உடனே பக்கத்தைத் திருப்பாதீர்கள். உங்களுக்கு முடிந்துவிட்டது, அவர்களுக்கு அப்போதுதான் ஆரம்பம். கை பரபரத்தால் புத்தகத்தைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள், திருப்ப வேண்டிய நேரத்தில் அது திருப்பும்.

இன்னும் ஒன்று பாக்கி. தட்டில் ஆறு மீன் இருந்தது என்று சொன்னேன் இல்லையா? எங்கள் மாடிப் பிள்ளைகள் மூன்று வாரமாக அந்தக் கணக்கைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா தட்டில் ஒன்று, சித்தப்பா தட்டில் ஒன்று, குழம்புச் சட்டியில் தலை தெரிகிற மாதிரி ஒன்று, பூனை வாயில் ஒன்று, மாடிப்படியில் முள்ளாக ஒன்று. ஐந்துக்குக் கணக்கு வந்துவிட்டது. ஆறாவதைக் காணவில்லை. பீரோவுக்குள் இருக்கிறது என்று ஒரு கட்சி, குழம்புக்குள் முழுகிவிட்டது என்று ஒரு கட்சி. நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன், எனக்கும் தெரியவில்லை. வைத்திக்குப்பத்துப் பையனைக் கேட்டேன். புத்தகத்தை மூடி, அட்டையில் இருந்த பெயரை விரலால் தட்டினான்.

"படம் போட்டவங்க தின்னுட்டாங்கக்கா."

வணக்கம்.