தாவளமும் விரியும்

வணக்கம். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட சாமிகள் வேன் பிடித்துக் கேரளப் பக்கம் சபரிமலைக்குக் கிளம்பிவிடுவார்கள். போகிற வழியெல்லாம் 'இடத்தாவளம்' என்று பலகை தொங்கும். இடையில் தங்கிப் போகிற இடம், அவ்வளவுதான். மலையாளத்தில் விமான நிலையமே விமானத்தாவளம்தானே! நமக்கும் தாவளம் அந்நியச் சொல் இல்லை, தங்குமிடம் என்று தமிழ் அகராதியிலும் கிடக்கிறது, நாம்தான் கைவிட்டுவிட்டோம். மன்னார்க்காட்டிலிருந்து ஆனைகட்டி வருகிற சாலையில், அட்டப்பாடிக்குள், தாவளம் என்றே ஓர் ஊர் இருக்கிறது.

ஆனால் அந்தச் சொல்லுக்கு உயிர் இருப்பது எருமேலியில் தொடங்கும் பெருவழியில், அதாவது காட்டுக்குள் நடந்தே சபரிமலைக்குப் போகிற பழைய பாதையில். பேரூர்த்தோடு, காளைகட்டி, அழுதை, முக்குழி, கரிமலை என்று 40 கிலோமீட்டருக்கு மேல் காட்டு நடை. அங்கே கண்ட இடத்தில் படுத்துவிட முடியாது. தண்ணீர் பக்கத்தில் வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், யானை நடமாடுகிற காடு என்பதால் நாலைந்து குழுவாவது சேர்ந்து தங்க வேண்டும். இது மூன்றும் அமைந்தால்தான் தாவளம். கரிமலை இறங்கியதும் வருகிற வலியானவட்டத்துக்குப் பெயரிலேயே ஆனை இருக்கிறது, பாருங்கள்.

சரி, விரி என்றால்? தாவளம் ஊர் என்றால் விரி அதில் உங்கள் வீடு. இருமுடியை வெறுந்தரையில் வைக்கக் கூடாது, அதனால் முதலில் துணியையோ பாயையோ விரித்து, அதன்மேல் முடிகளை வரிசையாக இறக்கி, விளக்கேற்றி, அதைச் சுற்றித்தான் ஆட்கள் படுப்பார்கள். மேலே தார்ப்பாய் கட்டுவதெல்லாம் அப்புறம். சன்னிதானத்தில் வாடகைக்குக் கிடைக்கிற பந்தலுக்கும் அதே பெயர்தான்.

2018 ஆகஸ்ட் வெள்ளம் பம்பைக் கரையை அள்ளிக்கொண்டு போன பிறகு, வண்டிகளை 20 கிலோமீட்டர் தள்ளி நிலக்கல்லிலேயே நிறுத்தச் சொன்னார்கள். அதையும் இடத்தாவளம் என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. வண்டியை விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்கு ஓடுகிற இடத்தில் யார் விரி வைக்கிறார்கள்? 'பேஸ் கேம்ப்' என்று நம் டிரைவர்கள் சொல்வதே அதற்குப் பொருத்தம். மலையில் படுக்க இடம் தேடும்போது மட்டும் 'விரி வைக்க இடம் இருக்கா சாமி' என்றே கேளுங்கள், எத்தனை இருமுடி என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.