மைக் இல்லாத காலத்து மேடை

(திருச்சியில் பழைய நாடகக் கொட்டகையைப் புதுப்பிப்பது பற்றிய கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கொட்டகையைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் எனக்கு வழக்கு.

இந்த ஊருக்குக் கொட்டகை புதிதல்ல. 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியோடு இங்கே வந்து நோயில் படுத்துவிட்டார். ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் அதை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். நாடகம் அதற்கும் மூத்தது. தஞ்சையில் கோவிந்தசாமி ராவ் 19ஆம் நூற்றாண்டிலேயே கம்பெனி நடத்தியவர். இங்கே எஃப்.ஜி. நடேச ஐயர் 1914இல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். அந்த மேடையில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக நின்ற சிறுவன்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர்.

அன்று மைக் ஏது? கடைசியில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் பாட்டு விழ வேண்டும். நாடகப் பாடகர்கள் அவ்வளவு உச்ச சுருதியில் பாடியதற்கு அதுவும் ஒரு காரணம். தொண்டை பாதி, கட்டடம் மீதி. உயரமான ஓட்டுக்கூரை, அடியில் வெற்றிடம் விட்ட பலகை மேடை, இவை குரலுக்குக் கைகொடுத்தன. இப்போது அந்தக் கூரையின் கீழே ஜிப்சம் சீலிங் அடிக்கப் போகிறோமாம்! குளுகுளுவென்று இருக்கும், சரி. பாட்டு?

சுவருக்கு வருவோம். நம்முடையது வாய்க்கால் பாயும் மண். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். போன முறை சிமெண்ட் பூசினார்களே, மேடைக்கு இடப்புறம் போய்ப் பாருங்கள். இடுப்பளவுக்கு உப்புப் பொரிந்திருக்கிறது. விரலால் கீறினால் செங்கல் பொடியாக உதிர்கிறது. பூச்சு மட்டும் கல்லாக நிற்கிறது. உள்ளே இருப்பதுதான் கரைகிறது.

சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பூசுகிற கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவசரப்படுத்தினால் வராது. ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. ஒப்பந்தக்காரருக்கு இது பிடிக்காது, பில் தாமதமாகும்.

ஆகவே என் வேண்டுகோள்: ஐப்பசி மழைக்கு முன் கூரை ஓடுகளை மாற்றி, இற்றுப்போன உத்திரங்களைப் பார்த்துவிடுங்கள். சிமெண்டை உரித்துச் சுவரை உலர விடுங்கள். பூச்சு தை பிறந்து தொடங்கட்டும். நாற்காலி சிவப்பா நீலமா என்ற பேச்சை, கமிட்டி நண்பர்கள் மன்னிக்கணும், அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.