டேப்பெட் சத்தத்துக்கு ஃப்ளஷ் ஊத்தலாமா?

வணக்கம்ங்க. பேசறதுக்கு முன்னாடி இத கேட்டுருங்க. போன மாசம் ஃபோன்ல எடுத்தது... கேக்குதா? டிக் டிக் டிக்னு, தையல் மெஷின் ஓடற மாதிரி.

நம்ம 2002 ஃபோர்டு ஐகான்தான், 1.6 ராக்காம் எஞ்சின். மறைமலை நகர்ல பொறந்தது. வண்டி மேல தப்பே இல்லைங்க. "ஓடவே இல்லையே, எதுக்கு ஆயில் மாத்தணும்"னு ரெண்டு வருஷம் இழுத்தடிச்சது நான்தான்.

கடையில போனா உடனே ஃப்ளஷ் டப்பாவ, அதான் எஞ்சின் உள்ள இருக்கற அழுக்கக் கழுவற திரவத்த, எடுத்து நீட்டுவாங்க. வாங்கறதுக்கு முன்னாடி உங்க வண்டில எந்த டேப்பெட்னு பாருங்க. டேப்பெட்னா வால்வ தெறக்கற கேம்ஷாஃப்ட்டுக்கும் வால்வுக்கும் நடுல கேப்ப சரியா வெக்கற பார்ட். எங்க மாமாவோட பழைய கார்புரேட்டர் மாருதி 800ல இதே சத்தம். ஒரு மெக்கானிக் ஃப்ளஷ் ஊத்தினார், சத்தம் அப்படியே இருந்துச்சு. எப்படிப் போகும்? அது ஸ்க்ரூ டேப்பெட். கேப் கூடிப் போயிருந்தது. அப்புறம் இன்னொருத்தர் ஆறின எஞ்சின்ல கேப் அளக்கற தகடு, அதான் 0.15 எம்எம் ஃபீலர் கேஜ் விட்டு, லாக் நட்ட இறுக்கினார். அரை மணி நேர வேலை, முடிஞ்சுது.

ஐகான்ல இருக்கறது ஹைட்ராலிக். உள்ள ஒரு குட்டி பிளஞ்சர், அடில ஒரு பால் வால்வு. ஆயில் பிரஷர்ல பிளஞ்சர் மேல தள்ளி கேப்ப அதுவே அடைச்சுக்கும். பழைய ஆயில் அரக்கு மாதிரி காஞ்சு அதுல ஒட்டிக்கிச்சுன்னா பிளஞ்சர் சிக்கிக்கும், கேப் விழும், தட்டும். ஃப்ளஷ் வேலை செய்யறது இந்த ஒரு எடத்துலதான்.

அதுவும் டேப்பெட்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. நான் நீள ஸ்க்ரூ ட்ரைவர் முனைய வால்வ் கவர் மேல வெச்சு, பிடிய காதுல அழுத்திக் கேட்டேன். ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாம பாத்துக்கோங்க. 800 ஆர்பிஎம் ஐடில்ல கேம்ஷாஃப்ட் 400 தடவதான் சுத்தும், அதனால ஒரு டேப்பெட் செகண்டுக்கு ஆறேழு தட்டு தட்டும். கீழ இருந்து டொக் டொக்னு கனமா, லோடுல கூடுற மாதிரி வந்தா அது பேரிங் சமாச்சாரம். அதுக்கு ஃப்ளஷ் ஊத்தறது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசற மாதிரி.

அடுத்து ஆயில் மூடிய கழட்டி டார்ச் அடிங்க. எனக்கு ப்ரவுன் கறைதான் இருந்துச்சு, சரின்னு எறங்கினேன். கருப்பு அல்வா மாதிரி கட்டியா இருந்தா ஃப்ளஷ்ஷ தொடாதீங்க. அந்தக் கட்டி பேந்து வந்து, எஞ்சின் அடில ஆயில் தேங்கற சம்ப்ல இருக்கற சல்லடைய அடைச்சா ஆயில் மேல ஏறாது. சத்தம் போகும்னு ஊத்தி எஞ்சினே போயிரும். அந்த மாதிரி வண்டிக்கு சம்ப்ப எறக்கிக் கழுவறதுதான் வழி. டீசல் ஊத்தி ஓட்டற பழக்கமும் இருக்கு நம்ம ஊர்ல. ஆயில தண்ணியாக்கி பேரிங்க தேய்க்கற வேலை அது, நான் பண்ண மாட்டேன்.

நான் பண்ணது சிம்பிள். எஞ்சின் சூடானதும் பழைய ஆயில்லயே 300 மில்லி டப்பாவ ஊத்தி, பத்து நிமிஷம் ஐடில். ரேஸ் கிடையாது, ரோட்டுக்கும் எடுக்கல. கண்ணு ஆயில் லைட் மேலயே. சூடோட ட்ரெயின் போல்ட்ட கழட்டினா டிகாக்‌ஷன் மாதிரி கொட்டுச்சு, முழங்கை வரைக்கும் வழிஞ்சு வீட்டுல திட்டு வேற. புது ஃபில்டர், மேனுவல்ல சொன்ன கிரேடு ஆயில்.

ஸ்டார்ட் பண்ணா... அதே டிக் டிக்! காசு போச்சுன்னே நெனச்சேன். முன்னூறு கிலோமீட்டர் ஓட்டினதுக்கு அப்புறம்தான் அடங்குச்சு. அது ஃப்ளஷ்னாலயா, புது ஆயில்னாலயா? மூணையும் ஒரே நாள்ல பண்ணிட்டேன், சத்தியமா பிரிச்சுச் சொல்ல முடியாது. திரும்பப் பண்ணா மொதல்ல ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாத்தி ஓட்டிப் பாப்பேன்.

இப்போ ராத்திரி நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்றேன். டிக்... டிக்... மூணு செகண்ட், நின்னுச்சு. அது ஆயில் மேல ஏறற நேரம், பரவால்ல. ஆனா மூணாவது சிலிண்டர் பக்கம் ஒண்ணு மட்டும் சன்னமா தட்டிட்டே இருக்கு, கேளுங்க. அது தேஞ்சுதான் போயிருக்கணும். கவர தெறந்து அந்த ஒண்ண மாத்தணும், பார்ட் தேடிட்டு இருக்கேன். உங்க பக்கம் எங்கயாவது கெடைக்குதுன்னா கீழ சொல்லுங்க.